சேர்வு இடாப்பில் இல்லாதவர்கள்

பள்ளிக்கூடத்தின் வைரவிழா மலரை என் தலையில் கட்டியது எங்கள் அதிபர்தான். "ரீச்சர், உங்களிட்டத்தானே நல்ல எழுத்து இருக்கு" என்றார். அவர் சொன்னது என் கையெழுத்தை. நான் படிப்பிப்பது புவியியல். கையெழுத்து அழகாக இருப்பவர்கள் எல்லாம் கட்டுரை எழுதிவிட முடியாது என்று விளக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிற கதைக்குப் போய்விட்டார்.

கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்காலை ஒட்டியிருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். அங்கே எழுத்து வேலைக்கு லிகிதர் என்று வந்த எவரும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. அதனால் மாணவர் சேர்வு இடாப்பை எழுதும் வேலை நான் இளம் ஆசிரியையாக வந்த நாளிலிருந்து என்னுடையது. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரும்போது அதன் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் விபரம் எல்லாம் அந்தப் பெரிய கொப்பியில் ஏறும். அதில் ஏறிய பிள்ளைக்குத்தான் போகும்போது விடுகைப் பத்திரம் கிடைக்கும். ஏறாத பிள்ளை, எழுத்தில் பார்த்தால், எங்களிடம் படிக்கவேயில்லை.

மலரில் முதலில் வரவேண்டியது பள்ளிக்கூடத்துக்குப் பெயர் தந்தவரின் வரலாறு. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து காடு வெட்டி வயல் செய்தவர். பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவர். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மண்டபத்தில் மாலையோடு தொங்கும் அவருடைய படம்கூட, போர் முடிந்து மீள்குடியேறி வந்த பிறகு யாரோ சொல்லக் கேட்டு ஒரு சித்திர ஆசிரியர் வரைந்தது. மீசை இருந்ததா இல்லையா என்பதில் அப்போதே இரண்டு கட்சி. பேரன் ஒருவர் பரந்தனில் இருக்கிறார் என்று அறிந்து ஒரு சனிக்கிழமை காலை அவரிடம் போனேன்.

பேரனுக்கே அறுபது வயது இருக்கும். உழவு மெசினைக் கழுவிக்கொண்டு நின்றார். அப்பப்பா ஏன் காணி கொடுத்தார் என்று கேட்டேன்.

"அந்தக் காணிக்குள்ள மாரியில இடுப்பளவு தண்ணி நிக்கும் ரீச்சர். நெல்லுச் சரிவராது. அவருக்கு அது பெரிய தலையிடி. பள்ளிக்கூடத்துக்குக் காணி தேவையெண்டு ஆக்கள் வந்தவுடன, இந்தா பிடியுங்கோ எண்டு குடுத்திட்டார்."

"இதை மலரில போடலாமோ?"

"ஐயோ, போட்டிடாதேங்கோ. விழாவுக்கு எங்களையும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கினம்."

வீட்டுக்கு வந்து, 'தமது விளைநிலத்தைக் கல்விக்கென மனமுவந்து ஈந்த வள்ளல்' என்று எழுதினேன். எங்கள் மைதானத்தில் மார்கழியில் கொக்கு வந்து மீன் பிடிப்பதை ஊரே பார்த்திருக்கிறது. ஆனாலும் அந்த வசனத்துக்கு ஆதாரம் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. அதிபர் வாசித்துவிட்டு, "பாத்தியளோ, உங்களுக்கு வருது" என்றார்.

அடுத்தது புகழ்பூத்த பழைய மாணவர்கள். இந்தப் பகுதியைப் பழைய மாணவர் சங்கச் செயலாளரும் நானும் சேர்ந்து செய்தோம். செயலாளர் நல்ல மனிதர்; ஆனால் ஒரு பெயர் கிடைத்தால் அதை விடமாட்டார். ஒரு நீதிபதி, இரண்டு பொறியியலாளர்கள், மாகாண மட்டத்தில் ஈட்டி எறிந்த ஒருத்தி என்று பட்டியல் நீண்டது. மணிமுடியாக வைத்திருந்தது வெளிநாட்டில் இருக்கும் ஓர் இருதய வைத்தியரை. அவர் துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளை. போரின் கடைசி இடப்பெயர்வில் கிளிநொச்சிக்கு வந்து எங்களிடம் கொஞ்ச நாள் படித்தவர். உயர்தரம் எடுத்தது வவுனியாவில். அவரைத் தங்கள் மாணவன் என்று அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடமும் சொல்கிறது, வவுனியாப் பள்ளிக்கூடமும் சொல்கிறது. எங்கள் செயலாளர் தொலைபேசியில் இரண்டு பக்கத்தோடும் சண்டை பிடித்தார். கலியாண வீட்டில் மாப்பிள்ளை எங்கள் பக்கத்து ஆள் என்று உரிமை கொண்டாடுவது போலத்தான் இருந்தது.

வாழ்த்துச் செய்தி கேட்டு எழுதினோம். மரியாதையான பிள்ளை, உடனே அனுப்பிவிட்டார். 'உங்கள் பாடசாலையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள், தென்னை மரங்களின் கீழ், கற்கக் கிடைத்ததை மறக்கவில்லை' என்று எழுதியிருந்தார். நான்கு மாதம் என்பது செயலாளருக்கு உறுத்தியது.

"ரீச்சர், 'ஏறக்குறைய நான்கு மாதங்கள்' எண்டதை மட்டும் எடுத்துவிடுவமோ? நாலு மாசமெண்டாலும் படிச்சது படிச்சதுதானே?"

எடுத்துவிட்டோம். அவருடைய பெயர் சேர்வு இடாப்பில் இருக்கிறதா என்று செயலாளரும் பார்க்கவில்லை, அதிபரும் பார்க்கவில்லை. நான் பார்க்கத் தேவையில்லை; இல்லை என்று எனக்குத் தெரியும். அச்சுக்குப் போகுமுன்பே அவருடைய படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு அதிபரின் அறையில் மாட்டிவிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் ஒரு பெண் வந்தாள். ஆசிரியர் அறையில் மலர் வேலையாக இருந்தேன். முப்பது வயதைத் தாண்டியவள், கையில் பத்திரங்கள் வைத்த ஒரு பிளாஸ்டிக் கோவை, பக்கத்தில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை. பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றாள். அவள் வீடு எங்களிலிருந்து தூரம். வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது இடத்துக்குப் போட்டி. அவளுக்கு இருந்த ஒரே வழி, பழைய மாணவியின் பிள்ளை என்கிற பிரிவில் விண்ணப்பிப்பது. அதற்கு அவள் எங்களிடம் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும்.

"நாங்கள் இங்க படிச்சனாங்கள் ரீச்சர். ஒரு கடிதம் தந்தியளெண்டால் காணும்."

"எந்தக் காலம்?"

"கடைசி இடப்பெயர்வில. முதல் இங்கயே மரத்துக்குக் கீழ. பிறகு பள்ளிக்கூடம் தர்மபுரத்துக்கு அங்கால போச்செல்லோ, அந்தத் தென்னங்காணிக்குள்ள. நீங்கள்தான் எங்களுக்குப் புவியியல்."

அவளை எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்தத் தென்னங்காணியில் கரும்பலகை இல்லை. குலை எங்கே விழும் என்று பார்த்து, அதற்கு வெளியே பிள்ளைகளை இருத்திவிட்டு, மணலில் தடியால் வடமாகாணத்தைக் கீறுவேன். தென்னையிலிருந்து பிஞ்சாய் உதிர்ந்த குரும்பட்டியை ஆளுக்கொன்று கொடுத்து, அவரவர் ஊரை வைக்கச் சொல்வேன். இப்போது கண்ணாடிக்குள் இருக்கும் வைத்தியர் துணுக்காயைக் கொண்டுபோய்க் கடலுக்குள் வைத்தார். இவள் பூநகரிப் பெண். களப்பின் கரையை அளந்து பார்த்துச் சரியான இடத்தில் வைத்தாள். "எங்கட வாடி உதில" என்று பக்கத்தில் இன்னொரு புள்ளியும் குத்தினாள். வாடி என்பது கரையில் மீன்பிடிக்காரர் தங்கும் கொட்டில். வரைபடத்தில் வாடியைக் குறித்த மாணவி எனக்கு அவள் ஒருத்திதான்.

இவ்வளவும் ஞாபகம் இருந்தும் நான் எழுந்து அலுமாரியைத் திறந்து சேர்வு இடாப்பை எடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இல்லை என்று தெரிந்துகொண்டே ஒருவருக்காகத் தேடுவது போல நடிப்பது கேவலமான வேலை. அதை நான் செய்தேன்.

"இதில பேர் இல்லை பிள்ளை. இதில இல்லாமல் நாங்கள் கடிதம் தரேலாது."

"அப்ப வேற தாளில எழுதினனீங்களெல்லோ ரீச்சர்? நீளத் தாள். என்ர கண்ணுக்கு முன்னால எழுதினனீங்கள். அது இருக்குமோ?"

"அந்த நேரத்துச் சாமான் எத்தினையோ போயிட்டுது" என்றேன்.

அவள் கோவையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். நான் மலருக்குத் திரும்பினேன். ஒரு வரியும் ஓடவில்லை.

அந்த நீளத் தாளின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். பூநகரி, துணுக்காய், மல்லாவிப் பக்கங்களிலிருந்து சனம் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, பிள்ளைகள் சீருடை இல்லாமல், கொப்பி இல்லாமல், விடுகைப் பத்திரம் இல்லாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பழைய பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் இல்லாத பிள்ளையைச் சேர்வு இடாப்பில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். சட்டத்தைப் பார்க்கும் பணிமனையே லொறியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மட்டும் சட்டத்தை விடவில்லை. வன்னி வாத்திமார் அப்படித்தான். மரத்துக்குக் கீழே இருந்தாலும் மணி அடிக்கும், வரவு பதிவோம், மாதமுடிவில் சதவீதமும் போடுவோம். அப்போதிருந்த அதிபர் ஒரு வழி கண்டுபிடித்தார். தனித்தாள்களில் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எழுதுவது. ஊர் திரும்பிப் பத்திரம் கிடைத்ததும் பெரிய இடாப்புக்கு மாற்றுவது. தாளின் தலையில் 'தற்காலிகம்' என்று நான்தான் எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டேன்.

தென்னங்காணியையும் விட்டுப் போகவேண்டி வந்த அன்று, அதிபர் இடாப்பையும் அந்தத் தாள்கள் இருந்த கோவையையும் என்னிடம் தந்தார். எனக்குக் குடும்பம் என்று அம்மா மட்டும்தான். சைக்கிள் கரியரில் இடம் இருக்கும் என்று நினைத்திருப்பார். இரண்டையும் என் பள்ளிக்கூடத் தாள்களோடு யூரியாப் பைக்குள் வைத்துக் கட்டினேன்.

அதன் பிறகு எத்தனை இடம் மாறினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஓரிடத்தில் மூன்று நாள் விடாமல் மழை. தறப்பாளுக்குக் கீழே அம்மா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தா. காலையில் கொஞ்சம் சுடுதண்ணி வைத்தால் போதும். விறகு நனைந்து கிடந்தது, எந்தக் குச்சியும் பிடிக்கவில்லை. யூரியாப் பையைத் திறந்தேன். முதலில் திருத்தாத விடைத்தாள்கள். பிறகு என் பாடக்குறிப்புகள். பானை சூடேறவில்லை. அம்மா, "விடு பிள்ளை, பச்சைத்தண்ணியே தா" என்றா. கோவையை எடுத்தேன். மேல் தாளில் நான் போட்ட இரட்டைக் கோடு தெரிந்தது. தற்காலிகம்தானே, திரும்ப எழுதலாம் என்று நினைத்ததும் உண்மை. ஒவ்வொரு தாளாகக் கசக்கி வைத்தேன். நல்ல தடித்த தாள், நன்றாக எரிந்தது. தண்ணி கொதித்தது. அம்மா குடித்தா. பெரிய இடாப்பில் நான் கை வைக்கவில்லை.

அம்மா அந்தக் காய்ச்சலிலிருந்து எழும்பினா, அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் இருந்தா. அதனால் அந்த நெருப்பைப் பற்றி எனக்கு இன்றுவரை முழுதாக வருத்தப்படத் தெரியவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் வேறு கதை.

மீள்குடியேறிப் பள்ளிக்கூடம் திறந்தபோது, கூரை இல்லை, கதிரை இல்லை, மணி இல்லை. என் கையில் சேர்வு இடாப்பு மட்டும் இருந்தது. அதைப் பார்த்து அதிகாரிகள் வியந்தார்கள். அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'உயிரைத் துச்சமென மதித்துப் பாடசாலையின் நினைவைக் காத்தவர்' என்று அறிவிப்பாளர் முழங்கினார். தற்காலிகத் தாள்கள் எங்கே என்று பழைய அதிபர் ஒருமுறை கேட்டார். "போயிட்டுது சேர்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. காலம் போகப் போக நான் இடாப்பைக் காப்பாற்றிய கதை வளர்ந்தது. ஒரு வடிவத்தில் நான் அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு களப்பைக் கடந்தேன். நான் மறுக்கவில்லை. நல்ல பெயர் கெட்ட பழக்கம் போலத்தான், விடுவது கஷ்டம்.

வைரவிழா மலரிலும் என்னைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. செயலாளர் யாரையோ பிடித்து எழுதுவித்திருந்தார். அச்சகத்திலிருந்து முதல்படி திருத்த வந்தபோது என் பக்கத்தையும் நானே திருத்தவேண்டியிருந்தது. ஒரு பக்கத்தில் இடாப்போடு நான், எதிர்ப்பக்கத்தில் வைத்தியர். இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதாரம் கேட்காமல் நாங்கள் அச்சடிக்கிறவற்றை எண்ணிப் பார்த்தால், ஆதாரம் கேட்டது அந்தப் பூநகரிப் பெண்ணிடம் மட்டும்தான். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருப்பது. ஆனால் அது வழக்கமாக மற்றவர்கள் மேல்தான் போகும்.

முதலாம் வகுப்பு நேர்முகப் பரீட்சை ஒரு திங்கட்கிழமை அதிபரின் அறையில் நடந்தது. அதிபர், செயலாளர், பெற்றோர் சார்பில் ஒருவர், நான் என்று நாலு பேர் மேசையின் இந்தப் பக்கம். அவளுடைய முறை வந்தது. பிள்ளைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். கோவையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கிராம அலுவலரின் கடிதம், ஊசி போட்ட அட்டை.

"பழைய மாணவி எண்டு போட்டிருக்கிறியள். விடுகைப் பத்திரம்?" என்று அதிபர் கேட்டார்.

"இல்லை சேர். இடம்பெயர்ந்து வந்து படிச்சனாங்கள்."

"சுற்றுநிருபத்தின்படி எழுத்தில ஏதாவது வேணுமம்மா. உங்களைச் சந்தேகப்படேல்லை. நாளைக்கு எல்லாரும் இதையே சொல்லிக்கொண்டு வருவினம்."

"உங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடம் இருக்குத்தானே?" என்றார் செயலாளர், அன்பாகவே.

"இருக்கு. ஆனால் எனக்கு இங்கதான் சேக்கவேணும்" என்றாள் அவள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களிடம் பரீட்சை முடிவுகள் நல்லம், அதனால்தான் என்று நினைத்தேன்.

அவள் பத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். போகப்போகிறாள் என்று தெரிந்தது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இவா இங்க படிச்சவா. நான் படிப்பிச்சனான்."

"ரீச்சர்" என்று செயலாளர் மெதுவாக இழுத்தார், "உங்கட ஞாபகத்தை ஆவணமெண்டு போடேலாதே."

"அப்ப பின்னால திரும்பிப் பாருங்கோ. அந்தப் படத்தில இருக்கிறவருக்கு என்ன ஆவணம் இருக்கு? ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. அவரின்ர பேரும் இடாப்பில இல்லை. நாலு மாசமெண்டாலும் படிச்சது படிச்சது எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். இவா அவருக்கு முதலே வந்தவா."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் போருக்குப் பிறகு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். "அப்ப ஒரு தற்காலிகப் பட்டியல் இருந்ததெண்டு கேள்விப்பட்டனான். அது எங்க போச்செண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார்.

"எனக்குத் தெரியும் சேர். நான்தான் எரிச்சனான்."

அடுப்பு, மழை, அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் படிப்பிக்கிற குரலாகவே இருந்தது. அதைத் தவிர வேறு குரல் எனக்கு வரவில்லை. பெற்றோர் சார்பில் வந்தவர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் என்னையும் பார்த்தார், சுவரில் பொன்னாடையோடு நான் நிற்கும் சின்னப் படத்தையும் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, பதினைந்து வருடமாகச் சுமந்த மூட்டையை இறக்கியது போன்ற ஆறுதலும் இருந்தது.

அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"முழுத் தாளுமோ ரீச்சர்?"

"ஓம் பிள்ளை. முழுக்க."

அவள் தலையை ஆட்டினாள். பிள்ளையின் பின்னலை எடுத்து முன்னால் விட்டாள், திரும்பப் பின்னால் விட்டாள். இனி அத்தாட்சிக்கு வழியில்லை என்று கணக்குப் பார்க்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சமாதான நீதவான் ஒருவரிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். இன்னார் இன்ன காலத்தில் என்னிடம் கற்றார், அவருடைய பெயர் இருந்த பட்டியலை நான் எரித்தேன் என்று இரண்டையும் எழுதினேன். நீதவான் இரண்டாவது வசனத்தில் பேனையை நிறுத்தி, "இது தேவையோ ரீச்சர்?" என்றார். தேவை என்றேன். அதிபர் அதோடு தானும் ஒரு கடிதம் வைத்து வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பினார். மனிதர் விதிமுறை பார்ப்பவர்தான், ஆனால் ஒருமுறை முடிவெடுத்தால் பின்னால் நிற்பார். பணிமனை மூன்று கிழமை இழுத்தது. அந்தப் பெண் இரண்டு தரம் வந்து கேட்டுப் போனாள். இரண்டு தரமும் நான் எழுந்து வாசல் வரைக்கும் போனேன். பிறகு ஏற்றுக்கொள்வதாகப் பதில் வந்தது.

மலரில் என் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். செயலாளர் முகம் சுருங்கிப்போனார். "ரீச்சர், எரிச்சதெண்டு எங்களுக்கு மட்டும்தானே தெரியும்" என்றார். அந்த இடத்தில், இடம்பெயர்ந்து வந்து எங்களோடு படித்தவர்கள் தங்கள் பெயர்களைத் தெரிவிக்க வேண்டும், பட்டியல் என்னால் அழிந்துபோனது என்று ஓர் அறிவித்தல் போடுவித்தேன். விழாவன்று பலர் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். சிலர் முன்பு போலச் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே ஏழு பேர் வந்து பெயர் தந்தார்கள்.

முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வரவேற்கும் நாள் வந்தது. பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பூ கொடுத்தார்கள். பாதிப் பேர் அழுதார்கள். நான் அலுவலகத்தில் இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பதிந்தேன். பெற்றோர் வரிசையில் நின்றார்கள். அவளும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். புதுச் சப்பாத்து பிள்ளைக்குக் கடித்திருக்க வேண்டும், ஒற்றைக் காலில் நின்றது.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்துப் பெயரை எழுதினேன். அழகான பெயர், இப்போது பிள்ளைகளுக்கு வைக்கிற வாயில் நுழையாத பெயர் இல்லை. "நல்ல பேர் வைச்சிருக்கிறீர்" என்றேன்.

"அது தங்கச்சியின்ர பேர் ரீச்சர்."

நான் நிமிர்ந்தேன்.

"அவள் என்னிலும் ரெண்டு வயசு இளமை. அவளும் இங்கதான் வந்தவள். அந்தத் தாளில என்ர பேருக்குக் கீழ அவளின்ர பேரை எழுதினனீங்கள். அவள் எங்களோட வந்து சேரேல்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "வீட்டிலயிருந்து ஒண்டும் கொண்டுவரேல்லை. ஒரு படமும் இல்லை. அவளின்ர பேர் எழுத்தில இருந்தது உங்கட தாளிலதான். அதைப் பாக்கலாமெண்டுதான் முதல் நாள் கேட்டனான்."

அந்தத் தங்கச்சியின் முகத்தை நான் நினைவில் தேடினேன். மணலில் குரும்பட்டி வைத்த பிள்ளைகளில் எது அவள்? அக்காவை, வாடியை, வைத்தியர் கடலுக்குள் வைத்த துணுக்காயை எல்லாம் ஞாபகம் வைத்திருந்த எனக்கு அவளை ஞாபகம் இல்லை. பெயரை எழுதிய கை மட்டும் மேசையில் இருந்தது. மன்னிச்சுக்கொள் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன்.

பின்னால் நின்ற ஒரு தகப்பன், "கெதியாய் முடியுங்கோ" என்றார்.

"ஒருக்காப் பாக்கலாமோ ரீச்சர்?" என்று அவள் கேட்டாள்.

இடாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். மை இன்னும் காயவில்லை. அவள் தொடாமல், விரலை எழுத்துகளுக்குச் சற்று மேலே வைத்து, அந்தப் பெயரை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, பிள்ளை "என்னம்மா?" என்றது.